சென்னை–மதுரை: விமானம் இருக்கும்போது ராத்திரி ரயில் எதற்கு?

22 அக்டோபர் 2025, காலை (வாசகர் கேள்வி, கே.கே. நகரிலிருந்து)

தீபாவளிக்கு மதுரை போய்விட்டு இன்று காலைதான் வந்தேன். போகும்போது விமானம், வரும்போது ரயில். விமானத்தில் ஒன்றே கால் மணி நேரம். ரயிலில் ராத்திரி முழுக்க மேல் படுக்கையில் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். கீழே ஒருவர் கைபேசியில் பட்டிமன்றம் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்றே கால் மணி நேரத்தில் போய்ச் சேருகிற ஊருக்கு எட்டு மணி நேரம் செலவழிக்க இத்தனை பேர் ஏன் அடித்துப் பிடித்துக்கொண்டு டிக்கெட் போடுகிறார்கள்? காசு மட்டும்தான் காரணமா, இல்லை பழக்கதோஷமா?

22 அக்டோபர், இரவு (என் பதில்)

அந்த ஒன்றே கால் மணி நேரம் ஆகாயத்தில் மட்டும்தான். தரையில் ஆகிற நேரத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. நான் இருப்பது குரோம்பேட்டை. மொட்டை மாடியில் துணி காயப்போட்டால் தலைக்கு மேல் விமானம் இறங்கும். விமான நிலையத்துக்கு இதைவிடப் பக்கத்தில் குடியிருக்க முடியாது. அப்படியிருந்தும் என் கணக்கு இது: பை போடும் கவுண்டர் விமானம் கிளம்ப ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடும். அதனால் ஒன்றரை, இரண்டு மணி நேரம் முன்னால் போய் நிற்க வேண்டும். ஜி.எஸ்.டி. ரோட்டில் அரை மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள். மதுரையில் இறங்கிப் பை வரக் காத்திருந்து, வண்டி பிடித்து, ஊருக்குள் 12 கிலோமீட்டர். வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசலுக்கு நாலரை மணி நேரத்துக்குக் குறைந்து நான் போனதில்லை. இதே கணக்கை அம்பத்தூரிலோ திருவொற்றியூரிலோ இருப்பவர் போட்டுப் பார்க்கட்டும்.

பாண்டியன் எக்ஸ்பிரஸ் ரயிலில் தாம்பரத்தில் பத்து மணிக்கு ஏறினால் காலை ஐந்தரை சுமாருக்கு மதுரை. ஏழரை மணி நேரம்தான், ஆனால் அந்த நேரம் வீட்டில் இருந்தாலும் தூங்கித்தான் கழித்திருப்பேன். பகலில் நாலரை மணி நேரம் போவதும் ராத்திரியில் ஏழரை மணி நேரம் போவதும் ஒரே கணக்கில் வராது.

தூக்கம் வந்தால்தானே என்று கேட்பீர்கள். அதற்கு அப்புறம் வருகிறேன்.

23 அக்டோபர்

கேள்வி கேட்டவர் எந்த கே.கே. நகர் என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். நியாயமான சந்தேகம். சென்னையிலும் கே.கே. நகர் உண்டு, மதுரையிலும் உண்டு, திருச்சியிலும் உண்டு. அண்ணா நகரும் அப்படித்தான். 'இன்று காலைதான் வந்தேன்' என்பதால் சென்னை என்று வைத்துக்கொள்கிறேன். திருச்சி என்றால் அவர் வழியிலேயே இறங்கியிருப்பார்.

24 அக்டோபர்

காசு விஷயம். எழும்பூர்–மதுரை 493 கிலோமீட்டர். சாதாரணத் தூங்கும் வசதிப் பெட்டி முந்நூற்று சொச்சம். மூன்றடுக்கு ஏ.சி. எண்ணூற்றைம்பதை ஒட்டி. இரண்டடுக்கு ஆயிரத்து இருநூறு சுமார். வந்தே பாரத்தில் சேர் காரும் கிட்டத்தட்ட அதே விலை.

விமானத்துக்கு ஒரு விலை என்று எதைச் சொல்வது? சாதாரண செவ்வாய்க்கிழமைக்கு முன்கூட்டியே போட்டால் மூவாயிரத்துக்கு வரும். தீபாவளிக்கு முந்தைய நாள் அதே இருக்கைக்கு என்ன கேட்டார்கள் என்பதைக் கேள்வி கேட்டவரே சொல்லட்டும். சொல்ல மாட்டார் என்று நினைக்கிறேன், வீட்டில் படிப்பார்கள்.

டிக்கெட்டோடு செலவு முடிவதில்லை. விமான நிலையத்தில் ஒரு காபியும் பஃப்ஸும் சாப்பிட்ட காசுக்கு ஊரில் குடும்பத்தோடு டிபன் முடிக்கலாம். இந்த பிப்ரவரியிலிருந்து சென்னை உள்நாட்டு முனையத்தில் உடான் யாத்ரி கஃபே இருக்கிறது: தண்ணீர் 10, டீ 10, காபி 20, சமோசா 20. பாதுகாப்புச் சோதனைக்கு முன்னாலேயே இருப்பதால் பலர் கவனிக்காமல் உள்ளே போய்விடுகிறார்கள். சோதனை முடிந்த பிறகு பழைய விலைதான். வீட்டிலிருந்து கட்டுச்சோறு கொண்டுபோவதை யாரும் தடுப்பதில்லை. இட்லியை மடியில் வைத்துச் சாப்பிட நாம்தான் கூச்சப்படுகிறோம்.

24 அக்டோபர், சாயங்காலம்

"ரயிலிலும் இப்போது விமானம் மாதிரி விலை ஏறி இறங்குகிறதே" என்கிறார் ஒருவர். எல்லா ரயிலிலும் இல்லை. ராஜ்தானி, துரந்தோ, சதாப்தி மூன்றுக்கும் செப்டம்பர் 2016-இல் அந்த முறை வந்தது. பத்து சதவீத இடம் விற்றதும் விலை பத்து சதவீதம் ஏறும், அதிகபட்சம் முதலில் ஒன்றரை மடங்கு, 2019 முதல் 1.4 மடங்கு. பாண்டியன், வைகை போன்றவற்றில் சாதாரண டிக்கெட்டுக்கு அது கிடையாது. பிரீமியம் தட்கல் என்று கடைசி நேர முன்பதிவு ஒன்று இருக்கிறது, அதில்தான் விலை ஏறும். நண்பர் அதைத் தொட்டுக் கையைச் சுட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

28 அக்டோபர்

இதுவரை ரயில் கட்சிக்காரி மாதிரி எழுதிக்கொண்டிருந்தேன். இரண்டு நாளாக வேறொரு விஷயம் மனதில் ஓடுகிறது.

சில வருடம் முன்பு பெரியப்பா தவறிப்போனார். எனக்குத் தகவல் வந்தபோது காலை ஏழரை. சாயங்காலம் நாலு மணிக்கு எடுப்பது என்று பேச்சு. விடிகாலை ரயில் கிளம்பிப் போயிருந்தது. ஒன்பது, பத்து மணிக்குப் புறப்படுகிற ரயிலில் ஏறினால் பொழுது சாய்ந்துதான் மதுரை. மதியம் கிளம்புகிற வைகை இரவுதான் போய்ச் சேரும். கார் எடுத்தால் எங்கும் நிற்காமல் ஓட்டினாலும் நாலு மணிக்கு மேலூரைத்தான் தாண்டியிருப்போம். அண்ணன் போனில் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "எந்த ஃப்ளைட்டுன்னு மட்டும் சொல்லு, அதுக்கேத்தாப்புல நேரம் வெச்சுக்கறோம்."

இப்போது எங்கள் பக்கத்துச் சாவு வீடுகளில் எடுக்கிற நேரத்தை வைப்பது ராகு காலமும் எமகண்டமும் மட்டும் இல்லை. பெங்களூரிலிருந்தும் துபாயிலிருந்தும் வருகிற விமானமும்தான். கண்ணாடிப் பெட்டி வந்த பிறகு காத்திருப்பது எளிதாகிவிட்டது.

அன்று டிக்கெட் விலையைப் பார்த்தேனா என்றால், பார்த்தேன். ரயிலைப் போல ஏழெட்டு மடங்கு. ஒரு நொடிகூட யோசிக்காமல் போட்டேன்.

அதனால் கே.கே. நகர்க்காரருக்கு என் பதில் கொஞ்சம் மாறுகிறது. வசதியும் வேகமும் அடுத்த பேச்சு. போகிற தேதி உங்களுக்கு எப்போது தெரிகிறது என்பதுதான் முதல் பேச்சு. கல்யாணம், காதுகுத்து, சித்திரைத் திருவிழா, பள்ளி விடுமுறை என்றால் இரண்டு மாதம் முன்பே தெரியும்; அதற்கெல்லாம் ரயில் தங்கம். சாவு, ஆஸ்பத்திரி, திடீர் வேலை என்றால் ரயில் உங்களுக்குக் கதவையே திறக்காது. அங்கே இடமெல்லாம் 60 நாள் முன்பே யோசித்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். விமானம் கடைசி நிமிடம் வரை இடம் வைத்திருக்கும், உங்கள் அவசரத்தைப் பார்த்து விலை சொல்லும்.

29 அக்டோபர்

தட்கல் எதற்கு இருக்கிறது என்று கேட்டவருக்கு: முதல் நாள் காலை பத்து மணிக்கு ஏ.சி., பதினொன்றுக்கு மற்றவை. ஜூலை முதல் ஆதார் சரிபார்த்த கணக்கு இருந்தால்தான் இணையத்தில் போடலாம். சரி, எல்லாம் இருந்தது, கிடைத்தும் விட்டது என்று வைத்துக்கொள்வோம். அது நாளைய பயணத்துக்கு. பெரியப்பா இன்று போனார்.

1 நவம்பர்

விமானத்தின் உள்ளே எப்படி என்று இதுவரை யாரும் பேசவில்லை. மதுரைக்குப் பல நேரம் வருவது ஏ.டி.ஆர்., காற்றாடி வைத்த சின்ன விமானம். முதல் தடவை அதைப் பார்த்தபோது என் மகன் "இது நிஜமா பறக்குமா?" என்று சத்தமாகக் கேட்டு, பக்கத்து வரிசைப் பெரியவர் கந்தசஷ்டி கவசத்தை ஆரம்பித்துவிட்டார்.

எனக்கு அது பிடிக்கும். ஒரு பக்கம் இரண்டு, மறுபக்கம் இரண்டு இருக்கைதான், நடுவில் மாட்டிக்கொள்ள ஆளே கிடையாது. பயணிகள் ஏறுவது பின்பக்கக் கதவு வழியாக. அதனால் கடைசி வரிசை கிடைத்தால் வருத்தப்பட வேண்டாம், முதலில் இறங்குவது நீங்கள்தான். பெரிய ஜெட்டைவிடத் தாழப் பறக்கும். மேகம் இல்லாத நாளில் ஜன்னலோரம் கிடைத்தால் காவிரி, கொள்ளிடம், வயல், கண்மாய் எல்லாம் தெரியும். சத்தம் அதிகம். மழைக்காலத்தில் ஆட்டமும் அதிகம். தலைக்கு மேல் பை வைக்கிற இடம் சின்னது, சக்கரப் பெட்டியைத் திணிக்க ஒரு போராட்டம் நடக்கும்.

2 நவம்பர்

பை என்றதும் ஞாபகம் வந்தது. ஊருக்குப் போகும்போது கைவீசிக்கொண்டு போகலாம். திரும்பும்போது என்ன செய்வீர்கள்? அம்மா கட்டிக்கொடுப்பதை எடை போடுகிற தராசு இன்னும் வரவில்லை. அரிசி அப்பளம், வெங்காய வடகம், மாவடு, சுண்டவற்றல், தோப்புத் தேங்காய், கூடவே தெருவில் யாரோ சென்னையில் இருக்கிற பேத்திக்குக் கொடுத்துவிட்ட ஒரு டப்பா.

விமானத்தில் பெரும்பாலும் 15 கிலோ, கையில் 7 கிலோ. ரயிலில் மூன்றடுக்கு ஏ.சி.க்கும் தூங்கும் வசதிப் பெட்டிக்கும் 40 கிலோ, இரண்டடுக்குக்கு 50. காகிதத்தில் இருக்கிற விதி இது, ரயிலில் யாரும் தராசோடு வந்து நின்று நான் பார்த்ததில்லை.

ஒருமுறை சோதனையில் என் கைப்பையிலிருந்து ஊறுகாய் பாட்டிலை எடுத்து வைத்துவிட்டார்கள். எண்ணெயில் மிதக்கிற மிளகாய் ஊறுகாய் கைப்பையில் கூடாது, பெரிய பையில் போட்டுவிடுங்கள். கொப்பரை எதிலுமே கூடாது. இதைக் கேட்டு அம்மா சிரித்தே விட்டார். ஆனால் காரணம் இருக்கிறது: காய்ந்த கொப்பரையில் எண்ணெய் அதிகம். குவித்து வைத்தால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய சரக்கு என்று ஐ.நா. ஆபத்துப் பொருள் பட்டியலில் அதற்குத் தனி எண்ணே உண்டு, 1363. பவர் பேங்க் இதற்கு நேர்மாறு. அது கைப்பையில்தான் இருக்க வேண்டும், பெரிய பையில் போட்டால் கூப்பிட்டு எடுக்கச் சொல்வார்கள்.

மல்லிகைப் பூவுக்குத் தடை ஏதும் இல்லை. பூ கொண்டுவர விமானம்தான் சரி. ராத்திரி முழுக்க ஏ.சி. பெட்டியில் வந்த மல்லிகையை மறுநாள் யாருக்கும் கொடுக்க முடியாது.

9 நவம்பர்

தூக்கத்துக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தேன்.

ரயில் தூக்கம் படுக்கையைப் பொறுத்தது. கீழ்ப் படுக்கை கிடைத்தால் சொர்க்கம், ஆனால் நடுப் படுக்கைக்காரர் பத்து மணிக்கு முன்பே பலகையைத் தூக்கச் சொல்லி நிற்பார் (விதிப்படி இரவு பத்து முதல் காலை ஆறு வரைதான் அவர் உரிமை). மேல் படுக்கையில் யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள், ஏ.சி. காற்று மட்டும் நேராக முகத்தில் அடிக்கும். பக்கவாட்டு மேல் படுக்கை உயரமானவர்களுக்குத் தண்டனை. கதவுக்குப் பக்கத்தில் கிடைத்தால் ராத்திரி முழுக்க 'டப், டப்' என்று கதவு அடித்துக்கொள்வதைக் கேட்டுக்கொண்டே கிடக்கலாம்.

குறட்டையை மன்னித்துவிடுகிறேன், அது அவர்கள் கையில் இல்லை. கைபேசியைச் சத்தமாக வைப்பது கையில் இருக்கிறதே! கேள்வி கேட்டவரின் பட்டிமன்ற மனிதர் எனக்கும் கிடைத்திருக்கிறார், என் பெட்டியில் அவர் சீரியல் பார்த்தார். விதிப்படி பத்து மணிக்கு மேல் கூடாது. டிக்கெட் பரிசோதகரிடம் சொன்னால் வந்து சொல்வார், அவர் அடுத்த பெட்டிக்குப் போனதும் சீரியல் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

பாண்டியனை விட்டு நான் வேறு ராத்திரி ரயிலில் போடாததற்கு ஒரு காரணம் உண்டு. அது மதுரையோடு முடிகிறது. நெல்லை, முத்துநகர், பொதிகை எல்லாம் மதுரை வழியாகத்தான் போகின்றன, ஆனால் அவை நடுச்சாமத்துக்கும் விடியலுக்கும் இடையில் ஏதோ ஒரு நேரத்தில் மதுரையைத் தாண்டும். அலாரம் வைத்துக்கொண்டு அரைத் தூக்கத்தில் கிடக்க வேண்டும், அசந்தால் விருதுநகர். பாண்டியனில் அந்தக் கவலை இல்லை, தூங்கிப்போனால் துப்புரவுக்காரர் எழுப்பிவிடுவார்.

மதுரைக்கு முந்தைய கூடல்நகர் பக்கம் ரயிலை நிறுத்திப் போடுவதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. எழுதினால் நிற்காது, அந்த ரயிலைப் போல இல்லாமல்.

10 நவம்பர்

பெண்கள் தனியாகப் போவதைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். என் அனுபவத்தில் ரயிலா விமானமா என்பதைவிட எத்தனை மணிக்கு இறங்குகிறோம் என்பதுதான் முக்கியம். காலை ஐந்தரைக்கு மதுரை ஸ்டேஷன் வாசலில் டீக்கடை, ஆட்டோ, பூக்காரம்மா, வெளியூர் பக்தர்கள் என்று ஊரே நடமாடிக்கொண்டிருக்கும். எனக்கு அங்கே பயம் இருந்ததில்லை. இரவு விமானத்தில் இறங்கி, முன்பின் தெரியாத வண்டியில் ஏறி ஊருக்குள் போகிற அந்த அரை மணி நேரத்தில்தான் கணவருக்கு போன் போட்டுப் பேசிக்கொண்டே போவேன். சும்மா, ஓட்டுநர் கேட்கட்டும் என்று.

14 நவம்பர்

ஜனவரி 13-க்கான முன்பதிவு இன்று காலை எட்டு மணிக்கு. பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்களுக்கு இன்றுதான் பரீட்சை. போன நவம்பரில் 120 நாளை 60 ஆகக் குறைத்ததிலிருந்து பரீட்சை தேதி தள்ளி வருகிறது, வினாத்தாள் அதேதான்.

ஒரு கணினி, இரண்டு கைபேசி, மகனைப் பள்ளிக்கு அனுப்பாமல் அவனிடம் ஒன்று. 8:00-க்கு உள்ளே. 8:02-க்கு வட்டம் சுற்றுகிறது. 8:04-க்குக் காத்திருப்போர் பட்டியல். மகனுடைய கைபேசியில் மட்டும் ஆர்.ஏ.சி. கிடைத்தது. ஆர்.ஏ.சி. என்றால் பக்கவாட்டு இருக்கையில் முன்பின் தெரியாத ஒருவரோடு எதிரெதிரே உட்கார்ந்து போக நேரலாம். ஆனால் இரண்டு மாதம் இருக்கிறது, நாலு பேர் ரத்து செய்வார்கள், உறுதியாகிவிடும்.

19-ஆம் தேதி மறுபடியும் உட்கார வேண்டும், திரும்பி வருவதற்கு. அம்மாவையும் அழைத்து வருகிறேன்.

15 நவம்பர்

ஆம்னி பஸ்ஸை விட்டுவிட்டேன் என்கிறார்கள். விட்டது வேண்டுமென்றேதான். கிளாம்பாக்கம் பஸ் நிலையம் வந்த பிறகு எங்களுக்கு அது பக்கம், வடசென்னைக்காரர்களுக்கு அதுவே ஒரு தனிப் பயணம். பண்டிகை நாளில் அவர்கள் கேட்கிற காசுக்கு விமானமே தேவலாம் என்று தோன்றும். ஸ்லீப்பர் பஸ்ஸில் படுக்கை நன்றாகத்தான் இருக்கிறது. கழிவறை? நடுராத்திரி ஏதோ ஒரு மோட்டலில், டிரைவர் நிறுத்தும்போது. நாற்பது தாண்டிய பெண்களிடம் கேளுங்கள், ரயிலுக்கு ஏன் இத்தனை கூட்டம் என்பதற்கு வேறு பதிலே வேண்டாம்.

7 டிசம்பர்

ஒரு வாரமாக நாடு முழுக்க விமான நிலையங்களில் நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். விமானிகளுக்கு வாரத்தில் 36 மணி நேரமாக இருந்த ஓய்வை 48 ஆக்கினார்கள், இரவில் தரையிறங்குவதற்கும் வரம்பு வைத்தார்கள். நவம்பர் முதல் விதி முழுசாக அமலுக்கு வந்தது. அதற்கேற்ப ஆள் இல்லை, ஆயிரக்கணக்கில் விமானங்கள் ரத்து. மிச்சமிருந்த இடங்களின் விலை எங்கேயோ போனதும் நேற்று அரசாங்கம் உச்சவரம்பு வைத்தது. 500 கிலோமீட்டர் வரை 7,500 ரூபாய். சென்னை–மதுரை அதற்குள் அடங்கும்.

அக்டோபர் 28-இல் நான் எழுதியதை மறுபடி படித்தேன். தேதி தெரியாதவர்களுக்கு விமானம் என்றேன். தேதி தெரியாமல் ஓடி வந்தவர்கள்தான் இந்த வாரம் பையைத் தலைக்கு வைத்துத் தரையில் படுத்திருந்தார்கள். ஆனால் இதனால் ரயில் உயர்த்தி என்று சொல்ல வரவில்லை. விமானம் ரத்தானவர்களுக்காக ரயில்களில் கூடுதல் பெட்டி சேர்த்தார்கள். அது நல்ல காரியம். மற்ற நாளிலும் அந்தப் பெட்டிகளைச் சேர்க்கலாமே என்று என் போன்றவர்கள் கேட்கத்தான் செய்வோம்.

8 டிசம்பர்

தாமதமானால் என்ன கிடைக்கும் என்று கேட்டவருக்கு. நீங்கள் ஏறும் ஸ்டேஷனுக்கு ரயில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்றால், ஏறாமல் இருந்தால், முழுப் பணமும் திரும்பும். ரயில் அங்கிருந்து கிளம்புவதற்குள் டி.டி.ஆர். (பணம் திரும்பக் கேட்கும் மனு) போட வேண்டும். விமானத்தில் ஆறு மணி நேரத்துக்கு மேல் என்றால் மாற்று விமானமோ முழுப் பணமோ கேட்கலாம். அதற்குக் குறைந்த தாமதத்துக்குச் சிற்றுண்டி. எனக்கு ஒருமுறை கிடைத்தது ஒரு மைதா ரொட்டியும் பழச்சாறு டப்பாவும். கொடுத்த நிறுவனத்தின் பெயர் எதற்கு, எல்லோரும் ஒரே கடையில்தான் வாங்குகிறார்கள் போலிருக்கிறது.

27 டிசம்பர்

நேற்று முதல் ரயில் கட்டணம் ஏறியிருக்கிறது. மெயில், எக்ஸ்பிரஸ்களில் கிலோமீட்டருக்கு 2 பைசா. மதுரைக்குப் பத்து ரூபாய், உடான் கஃபேயில் ஒரு டீ. இதற்காக நான் சண்டைக்குப் போக மாட்டேன்.

சண்டைக்குப் போக வேண்டியது மூத்த குடிமக்கள் சலுகைக்காக. பெண்களுக்கு 58 வயதிலிருந்து பாதிக் கட்டணம், ஆண்களுக்கு 60-லிருந்து 40 சதவீதம் தள்ளுபடி. மார்ச் 2020-இல் கொரோனாவைக் காட்டி நிறுத்தினார்கள். கொரோனா போய்விட்டது, சலுகை வரவில்லை. கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு மட்டும் இருக்கிறது: பெண்களுக்கு 45, ஆண்களுக்கு 60. அதுவும் இடம் இருந்தால்.

30 டிசம்பர்

அம்மாவைப் பற்றிச் சொன்னதும் பலர் யோசனை சொல்லியிருக்கிறீர்கள், நன்றி. முழங்கால் தேய்மானம், இங்கே ஒரு மருத்துவரிடம் காட்டத்தான் அழைத்து வருகிறேன். ஜனவரி 18-ஆம் தேதி ராத்திரிக்கு இரண்டடுக்கில் எனக்கும் அம்மாவுக்கும் போட்டுவிட்டேன். அம்மாவுக்குக் கீழ்ப் படுக்கை.

போட்ட பிறகுதான் யோசனை. ரயில் பெட்டியின் படி செங்குத்து. கம்பியைப் பிடித்து உடம்பைத் தூக்க வேண்டும். ராத்திரி இரண்டு தடவையாவது கழிவறைக்கு எழுந்திருப்பார், ஓடுகிற வண்டியில். விமானத்தில் சக்கர நாற்காலி முன்கூட்டியே சொல்லிவிட்டால் வாசலிலிருந்தே ஆள் தள்ளிக்கொண்டு போவார், சோதனையிலும் தனி வரிசை. முட்டி வலிக்காரர்களுக்கு விமான நிலையத்தைப் போல மரியாதை வேறெங்கும் இல்லை. சென்னையில் இறங்கிய பிறகுதான் சிரமம். செயலி டாக்ஸிக்குப் பல அடுக்கு வாகன நிறுத்தம் வரை போயாக வேண்டும். சக்கர நாற்காலி ஆளிடம் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அம்மாவிடம் கேட்டேன். "நாற்காலியில வெச்சுத் தள்ளிக்கிட்டுப் போறதுக்கு நான் என்ன சப்பரமாடி?" என்றார்.

வந்தே பாரத்? பகலில் ஐந்தே முக்கால் மணி நேரம் சுமார். படி தானாக நீண்டு நடைமேடை மட்டத்துக்கு வரும், ஏறுவது சுலபம். ஆனால் அத்தனை நேரம் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தால் இறங்கும்போது முட்டி மடங்கவே மடங்காது. படுத்துக்கொண்டு போவதுதான் அவருக்குச் சுகம். இன்னும் முடிவுக்கு வரவில்லை.

3 ஜனவரி 2026

ஆர்.ஏ.சி. உறுதியாகிவிட்டது. பக்கவாட்டு மேல் படுக்கை. மகனுக்குக் கொடுத்துவிடலாம் என்று பார்த்தால் அவன் என்னைவிட உயரம்.

16 ஜனவரி, மதுரையிலிருந்து

பாலமேடு ஜல்லிக்கட்டு தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருக்கிறது, ஒரு கண் அங்கே இருக்கிறது.

அம்மா காரில் வருகிறார். பெரிய மாமாவின் மகன் நாளைக் காலை சென்னைக்குக் கிளம்புகிறான். பின் இருக்கையில் தனியாகக் காலை நீட்டிக்கொள்ளலாம், நினைத்த இடத்தில் நிறுத்தலாம், கொப்பரை உட்பட எல்லாவற்றையும் டிக்கியில் போட்டுக்கொள்ளலாம். அம்மாவே மாமாவிடம் பேசி முடித்துவிட்டு எனக்குத் தகவல்தான் சொன்னார். என்னையும் முன் இருக்கைக்கு எழுதியாகிவிட்டது.

18-ஆம் தேதி டிக்கெட் இரண்டையும் இப்போதுதான் ரத்து செய்தேன். கிளம்ப 48 மணி நேரத்துக்கு மேல் இருந்ததால் இரண்டடுக்குக்கு ஆளுக்கு 200 பிடித்தம், மேலே ஜி.எஸ்.டி. இன்று ராத்திரி தாண்டியிருந்தால் கட்டணத்தில் கால் பங்கு போயிருக்கும். விமானத்தில் போட்டிருந்தால் டிக்கெட் விலையில் முக்கால்வாசி ரத்துக் கட்டணத்திலேயே போயிருக்கும். காத்திருப்போர் பட்டியலில் இருக்கிற யாரோ இருவருக்கு இடம் நகர்ந்திருக்கும். அதில் ஒன்று கீழ்ப் படுக்கை, கழிவறையிலிருந்து தள்ளி, நல்ல இடம்.